புனேயில் வீடு பார்க்கிறாயாமே!

அன்புள்ள லண்டன்காரிக்கு,

உன் குரல் செய்தியை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். அண்ணனுக்குப் புனேக்கு மாற்றல், ஜூனில் வருகிறீர்கள், கராடியா பாணேரா என்று இன்னும் முடிவாகவில்லை, ‘அங்கெல்லாம் அட்வான்ஸ் எத்தனை மாசம்டீ, காலி பண்ணும்போது ஒழுங்கா திருப்பித் தருவாங்களா?’ இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டாய். நானும் பதில் பேசித்தான் அனுப்பப் பார்த்தேன். குக்கர் விசில், கீழ்வீட்டு நாய், அப்புறம் தெருவில் பாஜிக்காரன். சரி, எழுதியே அனுப்பிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், ரயிலில் போகும்போது படி.

முதலில் எதிர் ஃபிளாட் சமாசாரம். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு எழுத்தே ஓடாது.

மூன்று பையன்கள் குடியிருந்தார்கள். ஹிஞ்சவடியில் வேலை. ஒருத்தன் நம்ம விருதுநகர்ப் பக்கம், மற்ற இருவரும் நாக்பூர். தங்கமான பிள்ளைகள்; பாட்டுச் சத்தம் அதிகமானால் என் கணவர் போய்க் கதவைத் தட்டுவதற்குள் தாங்களே குறைத்துவிடுவார்கள். வாடகை 25,000, டெபாசிட் 75,000. காலி செய்கிற அன்றைக்கு ஓனர் டார்ச் லைட்டோடு வந்தார், பட்டப்பகலில்! பீரோவை நகர்த்தச் சொன்னார். பின்னால் மேற்குச் சுவர் ஈரம் குடித்துப் பெயின்ட் உப்பிக் கிடந்தது. இங்கே இதை ‘ஓல்’ என்பார்கள். ஜூனில் மழை ஆரம்பித்தால் செப்டம்பர் வரை மேற்குச் சுவர் உள்ள வீடுகளில் எல்லாம் இதே பேச்சுதான். வெளிச்சுவர் விரிசலில் இறங்கின மழைக்குப் பையன்கள் என்ன செய்வார்கள்? அது சொசைட்டி பார்க்க வேண்டிய வேலை. ஆனால் பெயின்டுக்கு 25,000 எழுதினார். ‘டீப் கிளீனிங்’ 6,000. சமையலறைச் சிம்னி சர்வீஸ் 3,500. குழாய், பல்பு, தாழ்ப்பாள் என்று இன்னொரு 2,500. ஆக 37,000 போய் 38,000 திரும்பி வந்தது, அதுவும் இழுத்து இழுத்துத் தவணையாக. விருதுநகர்ப் பையன் அதற்குள் ஹைதராபாத்தில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டான். முப்பத்தேழாயிரத்துக்காக அங்கிருந்து லீவு போட்டு வந்து சிவாஜி நகர் கோர்ட் வாசலில் நிற்பானா? நிற்க மாட்டான் என்பது ஓனருக்கு நன்றாகத் தெரியும். கணக்குச் சீட்டை எழுதும்போதே தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, மற்ற எல்லாவற்றிலும் இந்த ஊர் வாடகை விவகாரம் ரொம்பக் கறார். வீடு பேசி முடித்ததும் புரோக்கர் ஒரு ஏஜென்டை அனுப்புவார். (புரோக்கருக்குத் தனியாக ஒரு மாத வாடகை. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விட்டுவிடு.) அந்த ஏஜென்ட் லேப்டாப், ரேகை வைக்கிற சின்னக் கருவி, கேமரா எல்லாவற்றையும் நம் சாப்பாட்டு மேஜையில் பரப்புவார். ஆதார் எண்ணைச் சொல்லி, கட்டை விரலை அமுக்கி, கேமராவைப் பார்த்து விறைப்பாக உட்கார வேண்டும். ஓனருக்கும் அதே மரியாதை, சாட்சிக்காரர்களுக்கும் அதே. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த என் ரேகையைக் கருவி ஒப்புக்கொள்ளவே இல்லை. விரலில் தேங்காயெண்ணெய் தடவி, துடைத்து, மறுபடி அமுக்கி ஒரே கூத்து. அப்புறம் பதிவான பத்திரம் மெயிலில் வந்துவிடும். ரிஜிஸ்திரார் ஆபீஸ் படியை மிதிக்கவே வேண்டாம். இத்தனைக்கும் மகாராஷ்டிரா முழுவதற்குமான பதிவுத்துறைத் தலைமை அலுவலகமே இந்தப் புனேயில்தான் இருக்கிறது.

செலவு பெரிதில்லை. மாநகராட்சி எல்லைக்குள் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். முத்திரைத் தீர்வை கால் சதவீதம். அந்தக் கால் சதவீதத்தை எதன்மேல் போடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. மொத்த வாடகையோடு நிறுத்தவில்லை. நீ கொடுத்த டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் வட்டி வருவதாக வைத்துக்கொண்டு, அந்த வட்டியையும் வாடகையோடு கூட்டி, அதன்மேல் தீர்வை போடுகிறார்கள். எதிர் ஃபிளாட் கணக்கைப் பார். 11 மாத வாடகை 2,75,000. டெபாசிட் 75,000க்குக் கற்பனை வட்டி ஏறக்குறைய 7,000. மொத்தத்தில் கால் சதவீதம் என்றால் 700 ரூபாய் சொச்சம். வட்டியின் பங்கு அதில் இருபது ரூபாய்கூடத் தேறாது, போகட்டும். ஆனால் யோசித்துப் பார்: அந்தப் பணம் வட்டி ஈட்டும் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது, எத்தனை சதவீதம் என்றுகூடச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்த பையன்களுக்கு மட்டும் சல்லிக்காசு வட்டி கிடையாது. அது ஓனருடைய சேமிப்புக் கணக்கில் கிடந்ததா, அவர் பெண் கல்யாணத்தில் கரைந்ததா என்று கேட்கவும் ஆளில்லை. கல்யாண வீட்டில் மொய் நோட்டைப் பைசா பிசகாமல் எழுதிவிட்டு, பணப்பையை யார் கையில் கொடுத்தோம் என்று மறந்துபோன கதைதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், உனக்குக் கோபம் வரும். பத்திரக் காலம் முடிந்த பிறகும் நீ வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தால், இங்கத்திய வாடகைச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி இரண்டு மடங்கு வாடகை தண்டம் கட்ட வேண்டும். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. அதே ஓனர் உன் டெபாசிட்டைக் காலம் கடந்தும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எத்தனை மடங்கு என்று சட்டத்தில் தேடிப் பார்த்தேன். அப்படியொரு பிரிவே இல்லை. உங்களுக்குள் பேசிப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எத்தனை மாதம் கேட்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு கிடையாது. நாங்கள் இருக்கிற கோத்ரூட்டில் இரண்டு மூன்று மாதம் என்பது ஊர் வழக்கம், அவ்வளவுதான். மும்பைக்குப் போனால் ஆறு மாதம்கூடக் கேட்பார்கள்.

ஏன் இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று காகுவிடம் கேட்டேன். எங்கள் வீட்டுக்கார அம்மாளைத்தான் சொல்கிறேன். இங்கே மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். எழுபதைத் தாண்டியவர், இன்னும் ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு படியேறி வருவார், வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் குனிந்து நேராக்கிவிட்டுத்தான் மணியடிப்பார். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை அவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, புனே மரபு அது. மனிதர்களைவிடப் போர்டுகள் அதிகம் பேசும் ஊர் இது, உனக்கு வந்தால் தெரியும். காகுவின் கதவிலேயே ‘மணியை ஒருமுறை அழுத்தினால் போதும், எங்களுக்குக் காது கேட்கும்’ என்று மராத்தியில் எழுதி மாட்டியிருக்கிறார்.

காகு உடனே பதில் சொல்லவில்லை. தேநீர் கேட்டார், இஞ்சி போதவில்லை என்றார், அப்புறம் தன் மாமனாரின் வாடாவைப் பற்றிச் சொன்னார். வாடா என்றால் நம் செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் வைத்த பழைய மரவீடு. ஆற்றோரம் நாராயண் பேட்டையில் இருந்தது. கீழே நாலு குடும்பம் வாடகைக்கு. 1961 ஜூலை 12இல் பான்ஷெத் அணை உடைந்ததே, அன்றைக்குத் தண்ணீர் முற்றத்தில் புகுந்து பின்சுவர் சரிந்துவிட்டது. மாமனார் நகையை விற்றுச் சுவரை எழுப்பினார். குடித்தனக்காரர்கள் அதே வாடகையைக் கொடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவர் ஏற்றிக் கேட்க முடியாது. 1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் தேதி என்ன வாடகையோ அதையே அடிப்படையாக வைத்து உறையவிட்டிருந்தது. காலி செய்யச் சொல்லவும் முடியாது. தாத்தா இருந்த வீட்டில் பேரன் இருப்பான். ‘அவர்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரத் தட்டு வரும். அதுதான் எங்களுக்கு வாடகை’ என்றார் காகு.

அப்போது ஓனர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ‘நீ குடித்தனக்காரனே இல்லை, சும்மா தங்கிக்கொள்ள உனக்கு அனுமதிதான் தருகிறேன்’ என்று எழுதி வாங்கினார்கள். அதுதான் இந்த ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ பத்திரம். குடித்தனம் இல்லையென்றால் வாடகைச் சட்டம் எப்படிப் பாயும்? ரொம்பச் சாமர்த்தியம். ஆனால் 1973இல் சட்டத்தைத் திருத்தி, பிப்ரவரி 1ஆம் தேதியன்று அப்படி அனுமதியில் இருந்தவர்களையெல்லாம் ஒரே நாளில் பாதுகாக்கப்பட்ட குடித்தனக்காரர்கள் ஆக்கிவிட்டார்கள். காகுவின் நாத்தனார் வீட்டில் தற்காலிகமாகத் தங்க வந்த ஒரு ரயில்வே குமாஸ்தா, அந்தத் தேதியின் புண்ணியத்தில் ஓய்வு பெற்று, பேரன் எடுத்து, அங்கேயே கண்ணை மூடினாராம். அதற்கப்புறம் பலர் வீட்டைப் பூட்டி வைத்தாலும் வைப்பார்களே தவிர வாடகைக்கு விட மாட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் இந்த உறைந்த வாடகை இனி நியாயமில்லை என்று சொன்னது. 1999இல் புதுச் சட்டம் எழுதி, 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் காலம் முடிந்தால் எழுந்து போக வேண்டியதுதான் என்று அதில் ஆயிற்று. முன்பு ‘பகடி’ என்று மேஜைக்கு அடியில் வாங்கின முன்பணத்துக்குத் தண்டனை உண்டு. புதுச் சட்டம் 56ஆம் பிரிவில் முன்பணமோ டெபாசிட்டோ ஓனர் தாராளமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை.

பழைய குடித்தனக்காரர்களுக்கு வருஷத்துக்கு 4 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் புதுச் சட்டத்தில் இருக்கிறது. வாடாவில் ஒரு குடும்பம் 60 ரூபாய் வாடகை. காகு விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: முதல் வருஷ ஏற்றம் இரண்டு ரூபாய் நாற்பது காசு. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அவர் டெபாசிட்டை இறுக்கிப் பிடிப்பதை என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை. மூன்று தலைமுறையாக வீட்டைத் திரும்பப் பெற முடியாமல் தவித்தவர்கள், கையில் கிடைத்த ஒரே பிடியை விடுவார்களா? ஆனால் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் தட்டுகிற பையனுக்கும் நாராயண் பேட்டைத் தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? தாத்தா கொடுக்காத வாடகைக்கு இவன் 37,000 கட்டியிருக்கிறான். காகுவிடம் இதைச் சொன்னேன். ‘சாய் ஆறுது, குடி’ என்றார்.

நீ லண்டனில் இருந்துகொண்டு இதையெல்லாம் படித்துச் சிரிப்பாய். உன் ஈஸ்ட் ஹாம் வீட்டுக் கார்பெட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கதை எனக்கு மறக்கவில்லை. ஓனர் புதுக் கார்பெட் விலை கேட்டார், நீ முடியாது என்றாய், டெபாசிட் பணத்தை வைத்திருந்த பாதுகாப்புத் திட்டத்துக்காரர்கள் இரண்டு பக்கப் படங்களையும் பார்த்து, பழைய கார்பெட்டுக்குப் பழைய மதிப்புதான் என்று தீர்த்துவிட்டார்கள். நீ ஒரு வக்கீலையும் பார்க்கவில்லை, ஒரு பென்னியும் செலவழிக்கவில்லை. அப்போது நான் ‘வெள்ளைக்காரன் ஒழுங்கு’ என்று பெருமூச்சு விட்டேன். இப்போது தேடிப் படித்தால், அந்த ஒழுங்குக்கு அப்படி ஒன்றும் வயசாகவில்லை. அங்கேயும் ஓனர்கள் சாக்குச் சொல்லி அமுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். 2004இல் சட்டம் போட்டு 2007 ஏப்ரல் 6 முதல்தான் இந்த டெபாசிட் பாதுகாப்புக் கட்டாயமானது. அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் 30 நாளுக்குள் டெபாசிட்டைப் பதியாவிட்டால், கோர்ட் அந்தத் தொகையைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை ஓனர் தலையில் கட்டலாம். 2019 ஜூன் முதல் உச்சவரம்பும் வந்துவிட்டது: வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குள் என்றால் ஐந்து வார வாடகை. ஐந்து வாரம்! நான் காகுவிடம் சொன்னபோது, ‘அப்புறம் அந்த ஓனர் எதை வைத்துத் தூங்குவார்?’ என்றார்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற என் நாத்தனார் மகன் வேறு ஒன்று சொன்னான். ஜெர்மனியில் அதிகபட்சம் மூன்று மாத வாடகை, தண்ணீர், ஹீட்டிங் செலவெல்லாம் சேர்க்காமல். அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம். ஓனர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் வட்டி வருகிற தனிக் கணக்கில் போட வேண்டும், வட்டி குடியிருப்பவருக்கு. நம்ம முத்திரைத் தீர்வைக்காரர்கள் கற்பனையில் போடுகிற வட்டி, அங்கே நிஜமாகவே ஒருத்தன் கைக்கு வருகிறது பார்.

நம்ம ஊர் மட்டும் என்ன வாழ்ந்தது? சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து, அம்மா வளையல் அடகுக்குப் போன காலத்தை நீயும் நானும் பார்த்தவர்கள்தானே. 2017இல் எழுதின வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதியைத் தர வேண்டும். அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற ஓட்டை வழியாகப் பத்து மாதமும் தாராளமாக நுழைந்து போகும், என் தம்பியைக் கேட்டால் சொல்வான். 2021 ஜூன் 2இல் மத்திய அமைச்சரவை மாதிரிச் சட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது, குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதம்தான் உச்சம் என்று. மாதிரி என்றால் மாதிரிதான். மாநிலம் எடுத்துக்கொண்டால் உண்டு.

இதெல்லாம் போகட்டும், ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதே. எங்கள் மாடியில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்திருக்கிறது. ‘ஹெவி டெபாசிட்’ போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகையே கிடையாது, போகும்போது முழுசாகத் திரும்பி வரும். நம்ம ஊர் ஒத்திதான், புனே பேரில். அந்த அக்கா மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் ‘வாடகை மிச்சம்’ என்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்வார். புரோக்கர் உன் லண்டன் சேமிப்பை மோப்பம் பிடித்து இதைத்தான் முதலில் நீட்டுவார், எழுதி வைத்துக்கொள். ஓனர் அந்த வீட்டின்மேல் பேங்க் கடன் வாங்கியிருந்து கட்டாமல் விட்டால், பேங்க்காரன் வீட்டை எடுத்துக்கொள்வான். உன் பன்னிரண்டு லட்சம் ஓனர் எங்கே இருக்கிறாரோ அங்கே. தென்கொரியாவில் இதே முறை ஊர் முழுக்க உண்டு, ஜோன்சே என்று பெயர். வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட டெபாசிட். வீட்டு விலை இறங்கினதும், ஒருவர் டெபாசிட்டை வைத்து அடுத்த வீடு வாங்கின ஓனர்கள் வரிசையாகக் கவிழ்ந்தார்கள். இளம் பிள்ளைகள் சேமிப்பெல்லாம் போய், 2023இல் அவர்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நான் கோயம்புத்தூர் அக்காவிடம் கடன் ஏதும் இருக்கா என்று விசாரித்தீர்களா என்றேன். ‘ஓனர் ரொம்ப பக்திமான்ங்க’ என்றார்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை மாத டெபாசிட் என்பதில் பேரம் பேசு. மூன்று மாதம் என்றால் இரண்டு என்று ஆரம்பி, உன் காலேஜ் நாள் முகத்தை வைத்துக்கொள்ளாதே, உன் மாமியார் முகத்தை வைத்துக்கொள். 11 மாதப் பத்திரம்தான் எழுத வேண்டும் என்று ஏஜென்ட் அடித்துச் சொல்வான். நம்ம ஊரில் ஒரு வருஷத்துக்குள் இருந்தால் பதிவுச் செலவு மிச்சம் என்று அந்தப் பதினொன்று வந்தது, 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் புண்ணியம். இங்கே எத்தனை மாதமானாலும் பதிந்தே ஆக வேண்டும், இங்கத்திய வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. அதனால் பதினொன்று வெறும் பழக்க தோஷம். 60 மாதம் வரை எழுதலாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு எழுதிக்கொண்டால், வருஷா வருஷம் புரோக்கர் வந்து தலை சொறிய மாட்டான். ‘லாக்‑இன்’ என்று நடுவில் கிளம்ப விடாத வரி இருக்கிறதா என்று மட்டும் பார்.

பத்திரம் பதிய வேண்டியது ஓனர் பொறுப்பு. பதியாவிட்டால் அவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூடச் சட்டத்தில் உண்டு. அதைவிட முக்கியம், பதியாத பத்திரத்தில் நிபந்தனை பற்றிச் சண்டை வந்தால், ஓனர் மறுத்து நிரூபிக்கும் வரை குடியிருப்பவர் சொல்வதுதான் எடுபடும். ஆகவே ‘பதிவெல்லாம் எதுக்கு மேடம், நமக்குள்ள நம்பிக்கைதானே’ என்கிற ஓனரைக் கண்டால் பயப்படாதே, நஷ்டம் அவருக்குத்தான். நீ பார்க்க வேண்டியது பத்திரத்துக்குள். டெபாசிட் தொகை முழுசும் எழுத்தில் வரட்டும், பேங்க் வழியாக மட்டும் கொடு. சாவியும் பணமும் ஒரே நேரத்தில் கைமாறும் என்று எழுதச் சொல். தாமதமானால் இத்தனை சதவீதம் வட்டி, அல்லது பணம் வரும் வரை வாடகையில்லாமல் வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு வரி சில பத்திரங்களில் வருவதுண்டு. அதைக் கேட்டு வாங்கு. சட்டம் எழுதாமல் விட்டதை அந்த ஒரு வரிதான் எழுதும். பெயின்டுக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்று சத்தமில்லாமல் ஒரு வாக்கியம் நடுப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். எதிர் ஃபிளாட் பையன்கள் பத்திரத்தில் இருந்தது, கேமராவைப் பார்க்கிற அவசரத்தில் படிக்கவில்லை.

ஜூனில் மழைக்கு முந்தி வந்துவிட்டாய் என்றால் எல்லா வீட்டுச் சுவரும் வெயிலில் காய்ந்து அழகாக நிற்கும். ஏமாறாதே. மேற்குச் சுவரைத் தட்டிப் பார், அலமாரிக்குப் பின்னால் முகர்ந்து பார். குடி போகிற அன்றைக்கே ஓனரை நிற்க வைத்து வீடியோ எடுத்து அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடு. கரன்ட் மீட்டர், குழாய் கேஸ் மீட்டர் இரண்டின் எண்ணும் அதில் தெரிய வேண்டும். முன்பு இருந்தவர் விட்டுப் போன கரன்ட் பில் இங்கே பலர் தலையில் விழுந்திருக்கிறது.

அப்புறம் போலீஸ். வாடகைக்கு வந்தவர் விவரத்தைக் காவல் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலேயே ஆகும். கராடி என்றால் புனே போலீஸ். வாகட், ஹிஞ்சவடி பக்கம் போனால் 2018இல் பிரித்த பிம்ப்ரி சிஞ்ச்வட் கமிஷனரகம், மாறிப் போய் அலையாதே. அண்ணன் பாஸ்போர்ட் இன்னும் இந்தியாதானே? பிரிட்டிஷ் ஆகிவிட்டது என்றால் ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடு. எங்கள் கீழ்வீட்டில் ஒரு சூடான் மாணவன் வந்தபோது, வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவம் பதிய வேண்டும் என்ற விதியைக் காட்டியே ஓனர் இரண்டு மாத டெபாசிட்டை நாலு மாதம் ஆக்கினார். படிவத்துக்கும் பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாவம், அவன் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக் கொடுத்துவிட்டான்.

சொசைட்டி செகரட்டரியைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். லிஃப்டில் சாமான் ஏற்ற ஒரு கட்டணம், இறக்க ஒரு கட்டணம். நேரில் வா, சொல்கிறேன்.

இப்போது ஒரு நல்ல சேதி. காகுவின் இன்னொரு ஃபிளாட், இதே கோத்ரூட்டில், மே கடைசியில் காலியாகிறது. மேற்குச் சுவர் கிடையாது, நான் போய்ப் பார்த்துவிட்டேன். 28,000 சொல்கிறார், டெபாசிட் மூன்று மாதம். இரண்டரைக்கு இறக்கியிருக்கிறேன், நீ வந்து இரண்டாக்கு. காலி செய்த அன்றே திருப்பித் தருவேன் என்று பத்திரத்தில் எழுதச் சம்மதித்தார், வட்டி வரி போடச் சொன்னபோதுதான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குள் எந்தப் புரோக்கராவது ‘டோக்கன் போடுங்க மேடம், இன்னொரு பார்ட்டி காத்திருக்கு’ என்று லிங்க் அனுப்பினால் ஒரு பைசா அனுப்பாதே.

ஆமாம், காகு ஒன்று கேட்டார், நான் பதில் சொல்லாமல் மழுப்பி வைத்திருக்கிறேன். மீன் சமைப்பார்களா என்று. மீனைக்கூட ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிடலாம். அண்ணனுடைய கருவாட்டைப் பற்றி என்ன சொல்லட்டும்? சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்